காப்பி நிறத்தில் ஓடிய லாமர்

அன்புள்ள சார்,

ஜூலையில் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கே ஓடும் லாமர் நதியில் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி கட்டிய ‘ஃப்ளை’ என்ற செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பது) செய்வதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கியிருந்தேன். முந்தின நாள் மாலை இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டித் தீர்த்தது. காலையில் போனால் நதி பால்விட்ட காப்பி மாதிரி ஓடுகிறது. தூண்டிலை எடுக்காமலே ஊருக்குக் கிளம்பிவிட்டோம். "கலங்கிய குட்டையில்தானே மீன் பிடிப்பார்கள்?" என்று மனைவி இன்னமும் கேலி செய்கிறாள். நான் செய்தது சரியா?

ர., டென்வர்

அன்புள்ள ர.,

லாமரை விட்டுக் கிளம்பியது சரி. ஊருக்கே கிளம்பியதுதான் தப்பு.

அந்தப் பழமொழி கெளுத்திக்குப் பொருந்தும். அதற்கு மீசை உண்டு, சேற்றிலும் தடவி இரை தேடிக்கொள்ளும். நீங்கள் பிடிக்கப் போன ட்ரவுட் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத் தின்கிற மீன்.

லாமரின் தலைப்பகுதி மலைகள் எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகியவை, மழைக்குச் சுலபமாகக் கரையும். மேலே ஒரு மணி நேர இடிமழை போதும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாவிட்டாலும் நதி கலங்கிவிடும். தெளிய ஒன்றிரண்டு நாள் ஆகும். பக்கத்திலேயே ஸ்லூ க்ரீக் என்ற ஓடை இருக்கிறதே, அது அவ்வளவு லேசில் கலங்காது. அங்கே போயிருக்கலாம்.

உண்மையில் அந்த மழை உங்களுக்கு உதவத்தான் வந்தது. ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்குத் திணறல்தான். கோடையில் ஆலங்கட்டி மழை பெய்தால் நீர் குளிரும், குளிர்ந்த நீரில் ஆக்ஸிஜன் கூடுதலாகக் கரைந்திருக்கும். கரைப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு எல்லாம் அடித்துக்கொண்டு வரும்.

காத்திருக்க வேண்டியது தெளியத் தொடங்கும் நேரத்துக்கு. முழங்கால் ஆழத்தில் உங்கள் பூட்ஸ் மங்கலாகத் தெரிகிறதா, ஆரம்பிக்கலாம். ஆனால் அவசரப்பட்டு ஆற்றில் இறங்காதீர்கள். நடு ஆற்றின் இழுப்புக்குத் தப்பி மீன்கள் கரையோரம்தான் ஒதுங்கியிருக்கும். நான் பலமுறை அவற்றை மிதித்துக் கலைத்த பிறகுதான் தூண்டிலை வீசியிருக்கிறேன். கறுப்பான, கொஞ்சம் பெரிய ஃப்ளை கட்டுங்கள். கலங்கலில் நிழலுருவம்தான் தெரியும். நூலில் செய்த புழுவும் நன்றாக எடுபடும். நிஜப் புழுவுக்கு அங்கே அனுமதி இல்லை.

அப்புறம், கையில் இருப்பது கிராஃபைட்டால் ஆன தூண்டில் தடி. அதில் மின்சாரம் பாயும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை காரிலேயே இருங்கள்.

மனைவியிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: அங்கே பிடிக்கும் கட்த்ரோட் வகை ட்ரவுட்டைத் திரும்ப ஆற்றில் விட்டே ஆகவேண்டும் என்பது பூங்காவின் விதி. எப்படியும் அன்றைக்குக் குழம்பு கிடையாது.