அம்மன் சந்நிதி வாசலில் 120 பேர்

ஐயா, வணக்கம்.

நான் மதுரையில் இளங்கலைப் பொருளாதாரம் படிக்கிறேன். புள்ளியியல் பாடத்துக்கு ஒரு சர்வே எடுக்கச் சொன்னார்கள். 'மதுரையில் எத்தனை வீடுகளில் தினமும் பூ வாங்குகிறார்கள்' என்பது என் தலைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயிலில் அம்மன் சந்நிதி வாசலில் நின்று 120 பெண்களிடம் கேட்டேன். 105 பேர் தினமும் வாங்குவதாகச் சொன்னார்கள். மேடம் 'இது மதுரை இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள ஊருக்கு 120 போதாது என்கிறாரா? ஆயிரம் பேரிடம் கேட்டால் சரியாகிவிடுமா?

ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

சரியாகாது. அதே வாசலில் அதே வெள்ளிக்கிழமை நின்றால் பத்தாயிரம் பேரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

அங்கே உங்கள் முன்னால் வந்தவர்கள் யார்? வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்கள். அதில் வெளியூர்க்காரர்கள் எத்தனை பேரோ. வராதவர்களை நினைத்துப் பாருங்கள். சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற வீடுகள், அந்த நேரத்தில் கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்கள், கணவர் போனபின் பூவை விட்டுவிட்டவர்கள். அவர்களும் மதுரைதான். உங்கள் கணக்கில் அவர்கள் வர வழியே இல்லாமல் போய்விட்டது.

எதைப் பற்றிப் பேசப்போகிறோமோ அது மொத்தமும் முழுமைத்தொகுதி. அதிலிருந்து நாம் எடுத்துப் பார்ப்பது கூறு, அதாவது மாதிரி. உங்கள் கேள்வி வீடுகளைப் பற்றியது, கேட்டதோ பெண்களிடம். ஒரே வீட்டின் அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்திருந்தால் அந்த வீடு இரண்டு முறை ஏறியிருக்கும். அதனால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: 'மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் உள்ள வீடுகள்'. அப்போதுதான் திருமங்கலத்தில் உங்கள் வீடு இதில் சேராது என்பதும் தெளிவாகும்.

கீழமாசி வீதியில் அரிசி லோடு இறங்கும்போது ஒரு நாள் நின்று பாருங்கள். வியாபாரி மூட்டையைப் பிரிப்பதில்லை. குத்தூசியைச் செருகி, வந்து விழுகிற ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி நொய்யும் கல்லும் பார்ப்பார். விவரமானவர் மேலே இருக்கிற மூட்டையோடு நிறுத்தமாட்டார். அடியில் கிடப்பதிலும் குத்துவார், ஒரே மூட்டையில் இரண்டு இடத்தில் குத்துவார். லோடு பெரிதென்பதற்காகப் பிடியைப் பெரிதாக்குவதில்லை. எந்த மூட்டையும் அவர் கைக்கு எட்டாததாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு, யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அவற்றை நம்பி லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ல். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரே வகையினராகவே இருந்துவிட்டார்கள்.

சரி, அளவு. குலுக்கல் முறையில் எடுத்தால், 100 வீடுகளில் உங்கள் சதவீதம் உண்மையிலிருந்து மேலும் கீழும் சுமார் 10 புள்ளிகள்வரை விலகலாம். 400 வீடுகளில் 5, 1600-ல் 2.5. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு உழைப்பு. ஊர் மதுரையானாலும் சென்னையானாலும் இந்தக் கணக்கு அநேகமாக மாறாது. ஊர் முழுவதற்குமான உண்மைச் சதவீதம் ஒன்றே ஒன்று, நமக்குத் தெரியாது, அது பண்பளவை. உங்கள் தோழி வேறு 120 வீடுகளில் கேட்டால் அவளுக்கு வேறு எண் வரும். அது கூறு பண்பளவை. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

உங்களுக்கு 120-ஏ போதும். வார்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி 30 எடுங்கள், வார்டுக்கு நாலு வீடு. நாலு வார்டில் முப்பது முப்பதாகக் கேட்பது சுலபம், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் வாழும். வீட்டையும் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், அதற்கும் சீட்டுதான். முகூர்த்த நாளை ஒட்டிப் போகவேண்டாம். அன்றைக்கு மல்லிகை விற்கிற விலையே பதிலை மாற்றிவிடும். அப்புறம் ஒன்று: சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள். பூட்டிக்கிடப்பது பெரும்பாலும் வேலைக்குப் போகிற பெண்ணின் வீடு. ராத்திரி ஏழு மணிக்குமேல் மறுபடி போய்ப் பாருங்கள்.