அக்காட்ட கேளுங்கோ: ஒபிஸ் பாஸா, ஏசி பாஸா?

கேள்வி: அக்கா, எனக்கு 32 வயசு. கோட்டையில ஒரு ஷிப்பிங் கொம்பனியில எக்கவுண்ட்ஸ்ல ஒன்பது வருஷமா இருக்கிறன். சீமா எண்ட கணக்காளர் படிப்பு பாதியில நிக்குது, புத்தகத்தைத் திறந்தாலே நித்திரை வருது. மனேஜர் இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப் போடுவார், எல்லாருக்கும் முன்னால ஏசுவார். ஞாயிறு பின்னேரமானா வயித்தைப் பிசையுது. சின்னனில இருந்தே மிஷின் கழட்டிப் பூட்டுறதில எனக்குப் பைத்தியம், எங்கட ஃபிளாட்டில பத்துப் பேருக்கு மேல ஏசி சேர்விஸ் செய்து குடுத்திருக்கிறன், காசு வாங்கேல்ல. வேலையை விட்டிட்டு அதையே பழகுவமோ எண்டு யோசிக்கிறன். அம்மா "சீமா படிச்சிட்டு ஏணியில ஏறப் போறியோ" எண்டு அழுகிறா. இது உண்மையான ஆசையா, இல்லாட்டி தப்பி ஓடுற எண்ணமா எண்டு எனக்கே விளங்கேல்ல.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, உங்கட கடிதம் இதை விட நீளம், இடம் காணாம வெட்டிட்டன், குறை நினைக்காதேங்கோ. வெட்ட முதல் வரியை எண்ணிப் பாத்தன். மனேஜரைப் பற்றி பத்தொன்பது வரி, ஏசியைப் பற்றி ஆறே ஆறு. அதால முதல்ல ஒண்டு கேக்கிறன், நாளைக்கு அந்த மனுசன் மாறிப் போய் நல்ல ஆள் ஒருத்தர் வந்தா நீங்கள் அந்தக் கதிரையில இருப்பீங்களோ? இருப்பன் எண்டா உங்களுக்கு வேண்டியது வேற ஒபிஸ், வேற தொழில் இல்லை. நானும் ஒருக்கா மேலதிகாரியில வந்த கோவத்தில ராஜினாமாவை எழுதி மேசையில வைச்சிட்டு 101 பஸ்ஸில அழுதுகொண்டு வந்தவள் தான், புது இடத்தில மேலதிகாரி தங்கமான மனுசன், ஆனா மூண்டு மாசத்தில அதே எக்ஸெல், அதே அலுப்பு. எனக்குப் பிடிக்காதது ஆள் இல்லை, வேலை தான் எண்டு அப்பதான் விளங்கினது. உங்களுக்கு இது மற்றப் பக்கமாவும் இருக்கலாம்.

ஆனா அந்த ஆறு வரிக்குள்ள ஒரு விசயம் கிடந்தது. மரைன் டிரைவ் பக்க வீடொண்டில உப்புக்காத்துப் பட்டு அவுட்டோர் யூனிட்டின்ர அலுமினியத் தகடெல்லாம் வளைஞ்சு அடைச்சுக் கிடந்தது, பழைய சீப்பொண்டை வைச்சு ரெண்டு மணித்தியாலம் ஒண்டொண்டா நிமித்தினன், தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியேல்ல எண்டு எழுதியிருக்கிறீங்கள். குளிர்காத்து வாற அந்த நிமிசம் ஆருக்கும் தான் சந்தோசம். தகட்டை நிமித்துறதும், பாசி பிடிச்ச தண்ணிக் குழாயைக் கழுவுறதும் தான் அந்தத் தொழிலின்ர முக்கால்வாசி. அந்த அலுப்புப் பிடிச்ச பக்கத்தை நீங்கள் அலுப்பு எண்டே சொல்லேல்ல. மோட்டிவேஷன் வீடியோ நூறு பாக்கிறதை விட இதை நான் நம்புவன்.

எனக்குப் பயம் வேற இடத்தில. காசு வாங்கேல்ல எண்டு பெருமையாச் சொல்லுறீங்கள். எட்வர்ட் டெசி எண்ட அமெரிக்க உளவியல்காரர் 1971ல வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கு, ஸ்டூடன்ஸுக்கு சோமா எண்ட கட்டைப் புதிரைக் குடுத்தவர், ஒரு கூட்டத்துக்கு மட்டும் இடையில முடிக்கிற ஒவ்வொண்டுக்கும் ஒரு டொலர். பேந்து காசு நிண்டதும், சும்மா இருக்கிற நேரத்தில அந்தக் கூட்டம் புதிரைத் தொட்டது தொடக்கத்தில இருந்ததை விடக் குறைவு. காசு வந்தா ஆசை செத்துப் போகும் எண்டு சட்டம் இல்லை, ஆனா பொழுதுபோக்கு தொழிலாகேக்க ருசி மாறலாம். அதால இப்பவே வேலையை விடாதேங்கோ. அடுத்த மூண்டு மாசம் சனிக்கிழமையில மட்டும், தெரியாத ஆக்களின்ர வீட்டில, காசு வாங்கிச் செய்து பாருங்கோ. பேரம் பேசுவினம், "போன முறை வந்த பாஸ் இதை விடக் குறைச்சல் தானே எடுத்தவர்" எண்டுவினம் (கைவேலைக்காரரையும் இங்க பாஸ் எண்டு தானே கூப்பிடுறது), ரெண்டு கிழமையால திரும்பவும் தண்ணி சொட்டுது எண்டு கோல் வரும். அதுக்குப் பிறகும் வெள்ளி இரவு டூல்ஸைத் துடைச்சு வைக்க மனம் வந்தா, அது தப்பி ஓட்டம் இல்லை.

சேர்ட்டிபிக்கேட்டும் எடுங்கோ. நைட்டா எண்ட அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில, என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைக்கு, ஏற்கனவே கையில இருக்கிற அனுபவத்தைச் சோதிச்சுத் தரம் குடுக்கிற வழியும் இருக்கு. யூடியூப் பாத்துப் பழகின ஆக்கள் ஏசிக்குள்ள இருக்கிற குளிரூட்டுற கேஸில கை வைக்கிறது ஆபத்து, பழைய ஆர்22 கேஸ், ஓசோன் படையைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கையால படிப்படியா நிப்பாட்டப்படுது, புது மிஷினில வாற ஆர்32 லேசாத் தீப்பிடிக்கக்கூடிய வகை.

இன்னொண்டு, ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக் காசை நம்பித் திட்டம் போடாதேங்கோ, ஆம்பிளையளுக்கு பொதுவா 55 வயசு வரைக்கும் கைக்கு வராது. வேலை விட்டா ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதியை எடுக்கலாம், அதுவும் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா தான். ஆறு மாச வீட்டுச் செலவு பாங்கில கிடக்கோணும், இது என்ர கணக்கு, அம்மா இன்னும் கூடக் கேப்பா.

அம்மாவுக்கு என்ன சொல்லுறது? ஒபிஸில உங்களுக்கு மேல ஒரு பாஸ், ஏணியில ஏறினா நீங்களே பாஸ் எண்டு சொல்லிப் பாருங்கோ, சிரிச்சா பாதி வேலை முடிஞ்சுது. சிரிக்காட்டி சீமாவில அடுத்த பேப்பருக்கு மட்டும் காசு கட்டாம கொஞ்சம் பொறுங்கோ. கணக்குத் தெரிஞ்ச ஏசி பாஸ் கொழும்பில எத்தினை பேர் இருப்பினம் எண்டு அவவே ஒரு நாள் கேப்பா.

கேள்வி: எனக்கு 44 வயசு, வீட்டில கேக் ஓடர் எடுக்கிறன். ஏ.எல்லோட கலியாணம் கட்டித் தந்திட்டினம். இப்ப லோ, சட்டம் படிக்க ஆசை, மகள் சிரிக்கிறாள். பிந்திப் போச்சோ?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நாவலையில இருக்கிற திறந்த பல்கலைக்கழகம் 1980ல தொடங்கினதே, நேரத்துக்குக் கம்பஸ் போக ஏலாத உங்களை மாதிரி ஆக்களுக்குத் தான். அங்க எல்எல்பி எண்ட சட்டப் பட்டப்படிப்பு இருக்கு, சேர முதல் தெரிவுப் பரீட்சை எழுதோணும். ஆசை ஏன் எண்டு ஒரு பக்கத்தில எழுதி, மகளிட்டக் காட்டாம வைச்சிருங்கோ. கேக் ஓடரை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, ஃபீஸ் அதில இருந்து தான் கட்டோணும்.