சமுதாயக் கல்லூரிப் புள்ளியியலில் வரும் திட்டவிலக்கம் என்றால் என்ன?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் தொடக்கநிலைப் புள்ளியியல் எடுப்பவர்கள் விரைவிலேயே சந்திக்கும் சொல் திட்டவிலக்கம். மதிப்புகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைச் சொல்லும் அளவு அது. கல்லூரிக்குச் செல்லும் ஒரு பேருந்துக்கு மூன்று நாட்களில் 9, 10, 11 நிமிடங்களும், இன்னொன்றுக்கு 0, 10, 20 நிமிடங்களும் காத்திருந்தால், இரண்டுக்கும் சராசரி 10தான். ஆனால் தேர்வு நாளன்று எதை நம்பிப் புறப்படுவீர்கள்?

இரண்டாம் பேருந்தின் விலக்கங்களான, அதாவது ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரியைக் கழித்தால் வரும் −10, 0, 10 ஆகியவற்றை அப்படியே கூட்டினால் சுழியம் வந்துவிடும் என்பதால்தான் அவற்றை வர்க்கப்படுத்துகிறோம். அந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகையான 200ஐ, இது மாதிரித் தரவு (எல்லா நாட்களும் அல்ல, சில நாட்கள் மட்டும்) என்பதால் நாட்களின் எண்ணிக்கையான 3க்குப் பதிலாக ஒன்று குறைத்து 2ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 10 நிமிடம். முதல் பேருந்துக்கோ 1 நிமிடம்தான். இதை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் பொத்தானை அழுத்துவதைவிட எவ்வளவோ தெளிவு கிடைக்கும்.

திட்டவிலக்கம் பெரிதாக வந்தால் கணக்கில் பிழை என்று பலர் எண்ணுகிறார்கள்; தரவு அவ்வளவு சிதறியிருக்கிறது என்பதே அதன் பொருள்.