மல்லாந்து படுக்கவிடாத சட்டை

கேள்வி: மல்லாந்து படுத்தால் என் கணவருக்குக் குறட்டை பலமாகிறது. முதுகில் பந்து வைத்துத் தைத்த இரவுச்சட்டை அதைத் தடுக்கும் என்கிறார்களே, உண்மையா? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: பலருக்கு ஓரளவு உண்மைதான். மல்லாந்து படுக்கும்போது நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மென்தசைகளும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையைக் குறுக்குவதால், குறட்டையும் சிலருக்கு மூச்சுத்தடையும் கூடுகின்றன. மல்லாந்த நிலையில் இத்தடை மற்ற நிலைகளைவிட இரு மடங்காவது இருப்பவர்களை, அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட் 1984இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இந்தச் சட்டை பயன்படுவது பெரும்பாலும் அவர்களுக்கே.

பழைய பனியனின் பின்புறம், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பையைத் தைத்து டென்னிஸ் பந்தைச் செருகிவிட்டால், புரளும்போது அது உறுத்தி ஒருக்களிக்க வைக்கும். செலவு சொற்பம், ஆனால் உறுத்தல் பொறுக்காமல் பலர் விரைவிலேயே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள் (பந்தின் மீது பழி போட்டுப் பயனில்லை, உறுத்துவதுதானே அதன் வேலை!). அவர்களுக்காகவே, மல்லாந்தவுடன் மெல்ல அதிரும் பட்டைகளும் விற்பனைக்கு வந்துள்ளன.

உங்கள் கணவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, பகலில் அவர் தூங்கி வழிந்தாலோ, ஊசிநூலை எடுக்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் சென்று தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள்.