கபுறு ஜியாரத் கூடுமா? அங்கே தொழலாமா?

பினாங்கில் பெருநாள் தொழுகை முடிந்ததும் குடும்பத்தோடு மையவாடி எனும் அடக்கத்தலத்துக்குச் செல்வதும், அங்கே தொழுவதும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கபுறை, அதாவது அடக்கவிடத்தை, சென்று காணும் ஜியாரத் கூடும். முன்பு அதைத் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, மறுமையை அது நினைவூட்டும் என்பதால் பின்னர் அனுமதித்தார்கள். ஆகவே கபுறடியில் நின்று ஸலாம் சொல்லி, அடங்கியிருப்பவரின் பாவமன்னிப்புக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்பது நபிவழியான சுன்னத்தாகும். பெண்கள் செல்வது குறித்து மட்டும் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தொழுகையின் சட்டம் வேறு. கபுறுகளின்மேல் உட்காராதீர்கள், அவற்றை நோக்கித் தொழாதீர்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் எனும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் தெளிவான தடை இருக்கிறது. மையவாடியில் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்) மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்றும், ஹன்பலி மத்ஹபினர் அத்தொழுகையே செல்லாது என்றும் கூறுவர். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகை இதில் அடங்காது: பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒருவர் இறந்து அடக்கப்பட்டதைப் பிந்தி அறிந்த நபியவர்கள், இடத்தைக் கேட்டறிந்து, அந்தக் கபுறருகே சென்று தொழுதார்கள். எளியவர் ஒருவருக்குக் கிடைத்த இந்தச் சிறப்பை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பினாங்கின் சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவோ இறைநேசர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவிடமே. அவர்கள் அடங்கியிருப்பது தமிழ்நாட்டின் நாகூரில். வலிமார்களின் (இறைநேசர்களின்) பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்பதை மரபுவழி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் அனுமதிக்க, முதல் தலைமுறைகளின் வழியை வலியுறுத்தும் ஸலஃபி ஆலிம்கள் மறுக்கின்றனர். கபுறுக்கு ஸஜ்தா செய்வது (நெற்றி நிலத்தில் பட வணங்குவது) ஹராம் (விலக்கப்பட்டது) என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகின்றனர்.