டெஸ்டோஸ்டிரோன் 268 என்று வந்திருக்கிறது, ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் கிராமம். வயது 48. எட்டு ஏக்கரில் நெல், கூடவே உரக்கடை. ஐந்து வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எடை 86 கிலோ, உயரம் 168 செ.மீ. ஒரு வருடமாக எந்நேரமும் அசதி. தாம்பத்தியத்தில் நாட்டம் இல்லை, விறைப்பும் சரியில்லை. வீட்டில் சொல்லத் தயக்கம். போன மாதம் கும்பகோணத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 268, 300க்கு மேல் இருக்க வேண்டும் என்றார்கள். தெரிந்த மருந்துக்கடைக்காரர், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். என் தம்பிக்கும் (வயது 36, இன்னும் குழந்தை இல்லை) இதே அசதி. இருவரும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். தம்பிக்கு அறவே வேண்டாம். தம்பி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 268. டெஸ்டோஸ்டிரோன் என்ற இந்த ஆண் ஹார்மோன் அதிகாலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பாடும் அதை இறக்கும். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்த ஆய்வில் சராசரியாகக் கால் பங்கு குறைந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரத்தத்தை வைத்து யாருக்கும் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கொடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் அதே மாதிரி மறுபடியும் கொடுங்கள். காய்ச்சலோ வேறு நோயோ வந்து படுத்திருந்த வாரத்தில் வேண்டாம். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள், அது அளவைத் தவறாகக் காட்டக்கூடும்.

300 என்பது அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் வைத்திருக்கும் கோடு. அங்கேயே ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம், பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 264 என்று வைத்திருக்கிறது. உங்கள் 268 ஒரு கணக்கில் குறைவு, இன்னொரு கணக்கில் சரி. இன்னொன்றும் உண்டு. உடல் பருமனாக இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்ற புரதம் குறைந்துவிடும். அதனால் மொத்த அளவு தாழ்வாகத் தெரியும். உடம்புக்குக் கிடைக்கிற அளவு போதுமானதாகவே இருக்கலாம். அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் இந்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

எண்ணை விட உங்கள் உடம்பு சொல்வது எனக்கு முக்கியம். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? வெட்கப்படாமல் யோசித்துப் பாருங்கள். அது அரிதாகி, நாட்டமும் குறைந்து, உறவின்போது விறைப்பும் தளர்ந்தால்தான் ஹார்மோன் மேல் சந்தேகம் வலுக்கும். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான நடுத்தர வயது, முதிய ஆண்களிடம் நடந்த ஆய்வில் உண்மையான குறைபாட்டோடு தெளிவாக ஒத்துப்போனவை இந்த மூன்றும்தான். காலை விறைப்பு வழக்கம்போல இருந்தால் கவலை, கடன், மனக்கசப்பு, மனச்சோர்வு பக்கம் பார்க்க வேண்டும். வெறும் அசதிக்கு ஆயிரம் காரணம் உண்டு. ரத்தசோகை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் அசதி தரும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதிலும் இதே அசதிதான் வரும். இவற்றையெல்லாம் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

இரண்டு நாள் காலையிலும் குறைவு என்றே வந்தால், ஏன் என்று கேட்காமல் ஊசியைத் தொடக் கூடாது. விதைகள் தாமாக இந்த ஹார்மோனைச் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனை அனுப்பிக் கேட்க வேண்டும். மேட்டூரில் திறந்தால்தானே கடைமடைக்குத் தண்ணீர்? எல்எச் ஏராளமாக இருந்தும் டெஸ்டோஸ்டிரோன் இல்லையென்றால் கோளாறு விதையில்: வாலிபத்தில் வந்த பொன்னுக்கு வீங்கி, அடிபட்டது போன்றவை. எல்எச்சே குறைவு, அல்லது ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை என்றால் கோளாறு மேலே. பருமன், சர்க்கரை, தூக்கக் கேடு, ஸ்டீராய்டு எல்லாம் இந்த வழியில்தான் கெடுக்கின்றன. மூட்டு வலிக்கு லேபிள் இல்லாத பொடியோ மாத்திரையோ வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அபூர்வமாகப் பிட்யூட்டரியிலேயே கட்டி இருக்கும். ஓயாத தலைவலியும், பக்கவாட்டில் வரும் வண்டி கண்ணில் படாமல் போவதும் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவையும் பார்க்க வேண்டும்.

உங்கள் எடையையும் உயரத்தையும் வைத்துச் சொல்கிறேன், கோளாறு மேலே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை எடுத்துப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். முன்பு நடவு, களை, அறுவடை என்று வரப்பிலேயே நாள் போகும். இப்போது நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், வயலுக்குப் போக பைக், மிச்ச நேரம் கடையில் நாற்காலி. மூன்று வேளையும் சாப்பிடுகிற சோறும் இட்லியும் மட்டும் அப்படியே நிற்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு எட்டு கிலோ சொச்சம், இறங்கினாலே இந்த ஹார்மோன் ஓரளவு ஏறும், சர்க்கரையும் இறங்கும். இரவுச் சோற்றைப் பாதியாக்கிக் காயும் பயறும் கூட்டுங்கள். மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் ஆண்மை ஏறும் என்று நம் பக்கம் சொல்வார்கள். நார்ச்சத்துள்ள நல்ல அரிசிதான், விருப்பமிருந்தால் சாப்பிடுங்கள். ஆனால் ஹார்மோனை ஏற்றும் மருந்தாக நம்பி இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரைதான் ஏறும்.

அடுத்தது தூக்கம். இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, டாக்டர்களும் கேட்பதில்லை. மும்முனை மின்சாரம் நடு இரவில் வந்தால் எழுந்து போய் மோட்டார் போடுகிறவர்கள் நீங்கள். சம்பா அறுவடை முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, முறை வரும்வரை தார்ப்பாய்ப் பக்கத்திலேயே பனியில் இரவெல்லாம் காவல். திடகாத்திரமான இளைஞர்களையே ஒரு வாரம் தினம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. காவலை மகனோடோ பக்கத்து வயல்காரரோடோ முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அது தனி நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. குறட்டையைப் பற்றி உங்கள் மனைவியைத்தான் கேட்க வேண்டும். மதுப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், விதையை நேரடியாகவே கெடுக்கும்.

விறைப்புப் பிரச்னையை அந்தரங்க விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களை விட மெல்லியவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். சர்க்கரையுள்ள 48 வயதுக்காரர் இப்படிச் சொன்னால் ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி பார்க்காமல் நான் விடமாட்டேன். கடையில் கேட்டு சில்டெனாபில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் வைத்துக்கொள்பவர் அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக இறங்கிவிடும்.

மூன்று நான்கு மாதம் இப்படி இருந்துவிட்டு மறுபடியும் காலையில் ரத்தம் கொடுங்கள். அப்போதும் அளவு தெளிவாகக் குறைந்து, அறிகுறிகளும் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். அது நல்ல சிகிச்சைதான். நாட்டம் திரும்பும், மனம் தெளியும். 2023இல் வெளியான டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வு, இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்து, மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடவில்லை என்றது. அதே ஆய்வில் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. அதனால்தான் மேற்பார்வை வேண்டும் என்கிறேன். தொடங்கும் முன் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்ரிட்டும் பார்க்க வேண்டும், பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள், நிறுத்தியாக வேண்டும். மருந்துக்கடையில் ஊசி மட்டும்தான் கிடைக்கும், இந்தக் கண்காணிப்பு கிடைக்காது. திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். லேப் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். நீங்கள் விலகி விலகிப் போவதைப் பார்த்து, தன் மேல் ஏதோ வெறுப்பு என்றுதான் உங்கள் மனைவி நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் மாதவிடாய் நிற்கும் வயதாக இருக்கலாம், உடம்பில் அவருக்கும் மாற்றங்கள் இருக்கும். 'உடம்பு சரியில்லை, சர்க்கரையால் வருவதாம், டாக்டரிடம் காட்டப் போகிறேன், நீயும் கூட வா' என்றால் போதும்.

தம்பி விஷயம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், போதும் என்று பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் நின்றுபோகும். ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. நிறுத்திய பிறகும் விந்தணு பழைய நிலைக்கு வரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு விந்தணுவைக் கெடுக்காமல் ஹார்மோனை ஏற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. அதைக் குழந்தைப்பேறு மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். முதலில் விந்துப் பரிசோதனை செய்துகொண்டு, மனைவியோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு ஊசி போட்டிருந்தால் மறைக்க வேண்டாம், என்ன மருந்து, எந்தத் தேதி என்று எழுதி எடுத்துப் போகட்டும்.