கம்பளிய இப்பவே பரண்ல ஏத்தாதீங்க!

கேள்வி: அக்கா, பொங்கல் முடிஞ்ச கையோட கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் துவைச்சு பரண்ல ஏத்திட்டேன். இப்ப மாசி பொறந்தாச்சு, மதியம் ஃபேன் இல்லாம உக்கார முடியல, ஆனா விடியக்காலம் 4 மணிக்கு பல்லு தந்தியடிக்குது, சின்னவனுக்கு மூக்கடைப்பு, பெரியவளுக்கு தொண்டை கரகரப்பு. இது குளிர்காலமா வெயில்காலமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: ரெண்டும்தான் கண்ணு. அந்தக் காலத்துலயே வருஷத்த ஆறா பிரிச்சு மாசி, பங்குனிக்கு பின்பனின்னு பேரு வச்சிருக்காங்க. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்'னு பழமொழியே இருக்கு, மச்சுன்னா மாடி, அதாவது கூரை போட்ட வீட்டுக்குள்ள இருந்தாலும் விடாதுன்னு அர்த்தம். மழை மேகமெல்லாம் கிளம்பிப் போயாச்சு, வானம் பளிச்சுன்னு இருக்கு, அதனால பகல்ல வெயில் நேரா இறங்குது, ராத்திரி தரையில இருக்கற சூட்டப் பிடிச்சு வைக்க மேல மேகம் இல்லாததால அவ்வளவும் வானத்துக்குப் போயிடுது. உங்க கோயம்புத்தூர் பக்கம் மதியம் 33 டிகிரி அடிச்சா விடியக்காலம் 19, 20-க்கு இறங்கிடும். சென்னையில கடல் பக்கத்துலயே இருக்கறதால இந்த ஏத்த இறக்கம் கம்மி. (ஆனா அவங்கதான் 22 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுவாங்க, அது வேற கதை.)

நாம பண்ற தப்பு என்னன்னா ராத்திரி 10 மணிக்கு புழுங்குதுன்னு ஃபேன 5-ல வச்சுட்டு போர்வையில்லாம படுக்கறோம், 3 மணிக்கு மேல குளிரும்போது எந்திரிச்சு ஆஃப் பண்ண யாருக்கும் மனசு வராது, சுருண்டு படுத்துக்குவோம். நானும் போன வருஷம் அப்படித்தான், பத்து நாள் மூக்கு உறிஞ்சிட்டே ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். ஃபேன 2-ல வைங்க, காத்து நேரா மூஞ்சில அடிக்காத மாதிரி கட்டில தள்ளிப் போடுங்க, ஒரு பருத்திப் போர்வை காலடியில மடிச்சுக் கிடக்கட்டும், தூக்கத்துல கையே தானா இழுத்துக்கும். அப்புறம் சளிய பனியே கொண்டு வர்றதில்ல, கொண்டு வர்றது வைரஸ். நம்ம நாட்டுல ஃப்ளூ ஏறுற ரெண்டு சீசன்ல ஜனவரி டு மார்ச் ஒண்ணு, போதாக்குறைக்கு அம்மை வர்ற நேரமும் இதுதான். அதனால ஜன்னல மொத்தமா சாத்தி நாலு பேரும் ஒரே ரூம்ல தும்மிட்டுப் படுக்காதீங்க, கொஞ்சம் திறந்து வைங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க, வைரஸுக்கு அது வேலையே செய்யாது. மூணு நாளுக்கு மேல காய்ச்சல் நின்னாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டர்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறார். பனி கொட்டுது, அப்பவும் 5 மணிக்கே வாக்கிங் கிளம்பிடறார், சொன்னா கேக்கறதில்ல.
– வாசகர், சேலம்

பதில்: வாக்கிங்க நிறுத்தச் சொன்னா எந்த அப்பாவும் கேக்கமாட்டாங்க, டைம மட்டும் மாத்தச் சொல்லிப் பாருங்க. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், அதனால பிபி ஏறும், விடியக்காலம் இயல்பாவே கொஞ்சம் ஏறுற நேரம் வேற. 7 மணி இளவெயில்ல போனா நடையும் ஆச்சு, உடம்புக்கு சூடும் ஆச்சு. காதையும் தலையையும் மூடுற குல்லா, காலுக்கு சாக்ஸ். 'குளிருக்கு தாகமே எடுக்கல'ன்னு தண்ணி குடிக்காம இருப்பார், அதனால ஒரு ஃப்ளாஸ்க்ல வெந்நீர் ஊத்தி அவர் சேர் பக்கத்துலயே வச்சிடுங்க. நெஞ்சுல பாரமா இருக்கு, கை வலிக்குதுன்னு சொன்னா கேஸ்னு சோடா வாங்கிக் கொடுக்காம நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: குன்னூர்ல வீடு. ராத்திரி குளிர் தாங்கல, இரும்புச் சட்டியில கரி நெருப்பு போட்டு பெட்ரூம்ல வச்சுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அடைச்ச ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தூங்கறவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. ஊட்டி, கொடைக்கானல்ல டூர் வந்தவங்க இப்படி உயிர விட்ட செய்தி நீங்களே படிச்சிருப்பீங்க. படுக்கறதுக்கு முன்னாடி ரப்பர் பையில வெந்நீர் ஊத்தி, மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து, துணி சுத்தி போர்வைக்குள்ள பத்து நிமிஷம் வைங்க, படுக்கும்போது எடுத்துடுங்க. மெத்தை கதகதன்னு இருக்கும்.

கேள்வி: சுக்கு காபி எப்படி போடறது? 8 மாசக் குழந்தைக்கு சளிக்கு தேன் குழைச்சுக் கொடுக்கச் சொல்றாங்க அத்தை.

பதில்: மொதல்ல தேன். ஒரு வயசு ஆகற வரைக்கும் ஒரு சொட்டுகூட வேணாம், தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சக்குழந்தை வயித்துல வளர்ந்து நரம்பப் பாதிக்கும். அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, 'டாக்டர் சொன்னாங்க'ன்னு பழிய தூக்கி அவங்க மேல போடுங்க. ஆவி பிடிக்க வைக்கறேன்னு கொதிக்கற தண்ணிக்குப் பக்கத்துலயும் குழந்தைய கொண்டு போகாதீங்க.

சுக்கு காபி பெரியவங்களுக்கு. சுக்கு ஒரு பங்கு, மல்லி விதை ரெண்டு பங்கு, மிளகு கொஞ்சமா, லேசா வறுத்து கொரகொரன்னு பொடிச்சு வச்சுக்கோங்க. ரெண்டு டம்ளர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் போட்டு கருப்பட்டி தட்டிப் போட்டு, ஒரு பங்கு சுண்டற வரைக்கும் கொதிக்க விட்டு வடிகட்டுங்க. பால் வேணாம். சாயங்காலம் 6 மணிக்கு இதோட ஒரு கிண்ணம் அவிச்ச பச்ச மொச்சை இருந்துச்சுன்னா எனக்கு மாசிப்பனி மேல கோவமே வராது!

கேள்வி: கால்ல பித்தவெடிப்பு, உதடு வெடிப்பு, கீசர் தண்ணில குளிச்சா உடம்பெல்லாம் அரிப்பு.

பதில்: கொதிக்கக் கொதிக்க ஊத்தினா தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசை எல்லாம் போயிடும். வெதுவெதுன்னு போதும். குளிச்ச ஈரம் முழுசா காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெய், ராத்திரி காலுக்கு எண்ணெய் தடவி பழைய சாக்ஸ்.

கேள்வி: அப்ப எப்பதான் கம்பளிய மடிச்சு வைக்கறது?

பதில்: சிவராத்திரியோட பனி சிவசிவான்னு ஓடிடும்னு எங்க வீட்ல சொல்வாங்க, நான் அதையும் முழுசா நம்பறதில்ல. வாசல்ல வேப்பம்பூ உதிர ஆரம்பிக்கட்டும், ரெண்டு நாள் நல்ல வெயில்ல உதறிக் காயப்போட்டு, நடுவுல நாலு வேப்பிலை வச்சு மடிங்க.